கிட்டாத வேடம்

ஆங்கில நாடகமேடையின் ஒளிவிளக்காகத் திகழ்ந்த எலன் டெர்ரி அம்மையார், 1847இல் காவென்ட்ரி நகரில் நடிகர் குடும்பமொன்றில் பிறந்தார். ஒன்பதாம் வயதில் ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை'யில் சிறுவன் மமில்லியஸாக மேடையேறினார். பதினேழு நிறையுமுன் தம்மினும் முப்பதாண்டு மூத்த ஓவியர் வாட்ஸை மணந்தார். அம்மணவாழ்வு ஓராண்டும் நிலைக்கவில்லை. பின்னர்க் கட்டடக் கலைஞர் காட்வினுடன் வாழ்ந்து இரு மக்களுக்குத் தாயானார். அக்காலத்தில் சில ஆண்டுகள் மேடையைத் துறந்திருந்தார்.

1878இல் லண்டன் லைசியம் அரங்கின் பொறுப்பேற்ற ஹென்றி இர்விங், அம்மையாரை முதன்மை நடிகையாக அழைத்தார். அவர் ஹாம்லெட்டாக, இவர் ஒஃபீலியாவானார். மறு ஆண்டு 'வெனிஸ் வணிகன்' 250 இரவுகள் நடைபெற்றது. ஷைலக்கும் போர்ஷியாவும் லண்டன் மாநகரையே ஆட்கொண்டனர். இக்கூட்டு 1902 வரை நீடித்தது.

எனினும், நாடகங்களைத் தெரிவுசெய்யும் உரிமை இர்விங்குடையதே. 'விரும்பியவாறே' நாடகத்தின் ரோசலிண்ட், அம்மையாருக்கென்றே வார்த்தது போன்ற பாத்திரம். ஆனால், அதில் இர்விங்குக்கேற்ற பெருவேடம் இல்லை. லைசியத்தில் இர்விங் அந்நாடகத்தை அரங்கேற்றவேயில்லை.

1895இல் இர்விங் 'சர்' பட்டம் பெற்றார். நடிகர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. 1905இல் மறைந்த அவர் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அம்மையாருக்கு 'டேம்' பட்டம் 1925இல்தான் வந்தது, இடைவெளி முப்பதாண்டு. 1928இல் ஸ்மால்ஹைத் இல்லத்தில் அவர் மறைந்தார்.

இருவர்தம் கலைவாழ்வை டேவிட் ஹேர் எழுதிய நாடகம் 2025இல் பாத் நகர மேடைக்குக் கொணர்ந்தது. அம்மையார் ஏற்காத ரோசலிண்டை மட்டும் எந்த மேடையும் இனிக் காட்டவியலாது.