பூவைத் தாளில் ஒட்டியவர், பாலை மங்கில் இறக்கியவர்

உளி பிடித்த கைக்கு முதல் பாடம் ஒன்றுதான். பட்டையைச் சீவு; மரத்தைக் காயப்படுத்தாதே. உளி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் கங்காணியின் ஏச்சு காதைத் துளைக்கும். தலைமுறை தலைமுறையாக நாம் படித்த இந்தப் பாடத்தை, சோதனை செய்து நிலைநாட்டியவர் யார்? ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி என்ற வெள்ளைக்காரர்.

1855ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் படித்தார். லண்டன் அரும்பொருளகத்தில் செடிகளை இனம் பிரிக்கும் வேலை பார்த்தார். 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்தார். 1911 வரை இருந்தார்.

பதவி நாற்காலியில் இருந்தாலும் மனசெல்லாம் காட்டில்தான். நம்ம பேராக்கின் தைப்பிங் மலைகளிலும் ஏறினார். பகாங்கில் 7,000 அடிக்கு மேல் உயர்ந்த தஹான் மலைக்கும் போனார். அட்டைக்கடி, மழை, வழுக்குப் பாறை எல்லாம் தாண்டி அவர் தேடியது காட்டுச் செடிகளையும் அவற்றின் பூக்களையும்தான்.

பறித்த பூ மறுநாளே வாடிவிடும். அதனால் செடியை இலை, பூ, முடிந்தால் வேரோடு எடுத்து, காகிதங்களுக்கு நடுவே விரித்து, பலகை வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். ஈரம் ஏறிய காகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் அசந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு கெட்டித் தாளில் ஒட்டி, மூலையில் ஒரு சீட்டு வைப்பார்கள். எந்த மலை, எந்த நாள், யார் எடுத்தது என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் சருகு. இப்படிச் சேர்ந்த தாள்களை ஆதாரமாக வைத்துத்தான், 1922 முதல் 1925 வரை, மலாயாத் தாவரங்களைப் பற்றி 5 பெரிய புத்தகங்களை எழுதி வெளியிட்டார்.

இதே கண்தான் ரப்பர் மரத்தையும் பார்த்தது. 1877இல் பிரேசில் இனக் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில நம்ம கோலகங்சாரிலும் நடப்பட்டன. ஆனால் அப்போது தோட்டக்காரர்களுக்குக் காப்பிதான் பெரிது. ரப்பர் விதையை நடச் சொல்லி வற்புறுத்திய ரிட்லியைப் பைத்தியக்காரர் என்று கேலி செய்தார்கள். அவர் விடவில்லை. உள்ளிருக்கும் வளர்தோலைத் தொடாமல் மெல்லிசாகப் பட்டையைச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் பால் வரும், பட்டையும் மறுபடி வளரும் என்று காட்டினார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் துணிந்து ரப்பர் தோட்டம் போட்டார். காப்பி விலை சரிந்ததும் மற்றவர்களும் ஓடிவந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நாம் அறிவோம். காடு அழிந்தது, நிரை நிரையாக ரப்பர் எழுந்தது. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறி வந்தார்கள். லாபம் கம்பெனிக்குப் போனது. லயமும் மங்கும் வாளியும் நமக்கு வந்தன. இந்தக் கணக்கை ரிட்லி ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் அவர் கண்ட வெட்டை லட்சக்கணக்கான மரங்களில், விடியற்கருக்கலில், பிசகாமல் வெட்டியவை நம்மவர் கைகள். அந்தக் கைகளுக்கு யாரும் சீட்டு எழுதி வைக்கவில்லை.

ரிட்லி 83 வயதில் கல்யாணம் செய்துகொண்டார். 100 வயதைத் தாண்டி 1956இல் இங்கிலாந்தில் காலமானார். இங்கிருந்து போன தாள்கள் அங்கே கியூ தோட்டத்தில் உண்டு; சிங்கப்பூரிலும் உண்டு. ஒரு குன்றைக் கல்லுக்காக உடைத்துவிட்டாலும், அங்கே என்ன பூத்தது என்று அந்தத் தாள் சொல்லும்.

ஈப்போவைச் சுற்றி எத்தனை ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன! அங்கே யார் மரம் சீவினார் என்று எந்தத் தாள் சொல்லும்? தோழர்களே, வீட்டில் பழைய போட்டோ ஒன்று இருக்கும். இன்றே அதன் பின்பக்கம் எழுதுங்கள்: எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் யார். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.