கணையத்தின் ரகசியத்தைத் தேடிய பேண்டிங்

இன்சுலினைக் கண்டுபிடித்தவர் யார் என்று புதிர்ப்போட்டியில் கேட்டால் பேண்டிங் என்று சட்டெனச் சொல்லிவிடுவோம். உயிரியல் படிக்கும் எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. அவர் நீரிழிவு நிபுணரும் அல்லர், ஆய்வில் பழுத்தவரும் அல்லர்.

பிரெடரிக் பேண்டிங் 1891 நவம்பர் 14ஆம் நாள் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றி, காயம்பட்டுத் திரும்பினார். 1920இல் லண்டன் நகரில் (இதுவும் ஒன்டாரியோவில்தான் இருக்கிறது) கிளினிக் திறந்தார். நோயாளிகள் அதிகம் வரவில்லை. வருமானத்துக்காக மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். அக்டோபர் 31ஆம் நாள் இரவு, பாடத்துக்குத் தயாரானபோது கணையம் பற்றிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது.

கணையத்துக்கு இரண்டு வேலைகள். செரிமான நீரை நாளம் வழியாகக் குடலுக்கு அனுப்புவது ஒன்று. அதனுள் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகளோ நாளமில்லாச் சுரப்பிகள். ஹார்மோனை நேராக இரத்தத்தில் கலப்பவை. அந்த ஹார்மோன் இல்லாவிட்டால் இரத்தச் சர்க்கரை தசைகளுக்குப் பயன்படாமல் சிறுநீரில் வெளியேறும். சாப்பிட்டும் உடல் பட்டினி கிடக்கும். கணையத்தை அகற்றினால் நாய்க்கு நீரிழிவு வரும் என்பது 1889இலேயே தெரிந்திருந்தது. ஆனால், அந்த ஹார்மோனை மருந்தாக்க முயன்ற எவருக்கும் அது கைகூடவில்லை. செரிமான நீரே அதை அழிக்கிறது என்று பேண்டிங் நினைத்தார். நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமானச் செல்கள் சுருங்கிவிடும், திட்டுகள் மட்டும் எஞ்சும் என்பது அவர் கணக்கு.

டொரோன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மெக்லியோட் தயக்கத்துடன்தான் ஆய்வுக்கூடமும் நாய்களும் கொடுத்தார். உதவிக்கு வந்த சார்ல்ஸ் பெஸ்ட்டுக்கு அப்போது வயது 22. நம் வயதுதான்! யார் முதலில் உதவுவது என்று அவரும் இன்னொரு மாணவரும் நாணயம் சுண்டிப் பார்த்தார்களாம். 1921 கோடையில் பல நாய்கள் இறந்தன. கடைசியில் ஒரு நாயின் இரத்தச் சர்க்கரை இறங்கியது. நாளத்தைக் கட்டவே தேவையில்லை, முழுக் கணையத்திலிருந்தே ஆல்கஹால் கொண்டு ஹார்மோனைப் பிரிக்கலாம் என்பது பிறகு தெரிந்தது. தொடக்கக் கணக்கு தேவையற்றதாகிவிட்டது; மருந்து மட்டும் உண்மையானது.

அக்காலத்தில் நீரிழிவு வந்த பிள்ளைகளுக்கு உணவைக் குறைப்பதே சிகிச்சை. 14 வயது லெனார்ட் தாம்சன் சுமார் 30 கிலோ எடையுடன் டொரோன்டோ மருத்துவமனையில் கிடந்தான். 1922 ஜனவரி 11ஆம் நாள் போட்ட முதல் ஊசி பெரிதாக உதவவில்லை. சாற்றில் அழுக்கு அதிகம். வேதியியலாளர் காலிப் அதைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசி போட்டபோது சர்க்கரை சரசரவென இறங்கியது. லெனார்ட் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். ஆனால், ஊசியை நிறுத்த முடியவில்லை. இன்சுலின் நோயைத் தீர்ப்பதில்லை. உடல் சுரக்காததை வெளியிலிருந்து கொடுக்கிறது, அவ்வளவுதான்.

காப்புரிமையைப் பேண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் விற்றனர். 1923இல் நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்லியோட்டுக்கும் கிடைத்தது. பெஸ்ட்டை விட்டுவிட்டார்களே என்று பேண்டிங் கொதித்தார். தம் பரிசுத் தொகையில் பாதியை அவருக்குக் கொடுத்தார். மெக்லியோட் தம் பங்கில் பாதியைக் காலிப்புக்குக் கொடுத்தார். மெக்லியோட்டிடம் பேண்டிங் காட்டிய கசப்பு நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. காலிப்புடனும் முதலில் சண்டைதான். பின்னாளில் அவர்கள் நண்பர்களானார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 பிப்ரவரியில், இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவரது விமானம் நியூபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. அப்போது அவருக்கு வயது 49.