முக்காற்புள்ளியால் அறிவை இணைத்தவர்

இம்மலருக்கெனப் பத்தாண்டுக் கவிதைகளைத் திரட்டி முடித்த நாளில் மலர்க்குழுவினரிடையே ஒரு வழக்கு எழுந்தது. பாடியோர் பெயரால் அடைவு செய்வதா, பாடிய ஆண்டால் செய்வதா, பாடுபொருளால் செய்வதா என்பதே அவ்வழக்கு. கோமுகி அணை நிரம்பிய மழைநாளில் கரும்பு வெட்டச் சென்ற தாயைப் பற்றி நம் உறுப்பினர் ஒருவர் பாடிய கவிதையை மழையில் வைப்பதா, உழைப்பில் வைப்பதா, தாய்மையில் வைப்பதா, கச்சிராயபாளையத்தில் வைப்பதா? ஓரிடத்தில் வைத்தால் ஏனைய மூன்று இடங்களிலிருந்தும் அது மறைந்துவிடுகிறது. மூத்த கவிஞர் ஒருவர் சலித்துப்போய், எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கிவிடுங்கள் என்று சொல்லி எழுந்து சென்றார்.

ஒரு மாலைப்பொழுதில் நாம் சலித்துக் கைவிட்ட இச்சிக்கலை ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் கைவிடாமல் பற்றி நின்றவர் ஒருவர் நம் மண்ணில் வாழ்ந்தார். நூலகத் தந்தை என்று ஆண்டுதோறும் ஆகஸ்டு 12-ஆம் நாளில் மாலையிட்டு நினைவுகூரப்படும் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதனே அவர். அவரை நூலகர் என்ற அளவில் நாடு அறியும். அறிவைப் பகுத்தும் தொகுத்தும் காட்டும் முறையை ஆராய்ந்த சிந்தனையாளராக அவரை அறிந்தோர் மிகச் சிலரே. கணிப்பொறியுள் தகவல் எவ்வாறு ஒழுங்குபெறுகிறது என்று ஆராய்வோர் இன்றும் அவரிடம் வந்து சேர்கின்றனர் என்பதால், அவர் வாழ்வை அந்தப் பக்கமிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரங்கநாதன் 1892-ஆம் ஆண்டு அன்றைய தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்ச் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். கல்லூரியில் அவருக்குக் கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியரிடம் அவர் கொண்ட பற்று இறுதிவரை நீங்கவில்லை. 1916-இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். பேச்சில் சிறிது திக்கல் இருந்தும், நல்லாசிரியர் என்ற பெயர் பெற்றார். வாழ்நாள் முழுவதும் கரும்பலகையின் முன் நிற்பதே அவர் விரும்பியது.

விதி வேறு வழியில் அழைத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முறையாக ஒரு நூலகரை அமர்த்த விரும்பியபோது ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தனர் என்பர். நூலகப் பயிற்சி அவர்களில் ஒருவருக்கும் இல்லை. நேர்முகத்துக்குச் சில நாள் முன் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றைப் படித்ததே இத்துறையில் அரங்கநாதனின் முழு அறிவு. இருந்தும் 1924 சனவரியில் அவரே அப்பதவியில் அமர்ந்தார். சில வாரங்களுக்குள் அந்த அறையின் தனிமை அவரால் தாங்க முடியாததாயிற்று. தம்மை மீண்டும் வகுப்பறைக்கே அனுப்பிவிடுமாறு வேண்டினார். ஒருமுறை இலண்டன் சென்று பயின்று வரட்டும், திரும்பிய பின்னும் மனம் ஒப்பாவிடில் கணித ஆசிரியப் பணி அவருக்கே என்ற உடன்பாட்டின்மேல் பல்கலைக்கழகம் அவரைக் கடல் கடந்து அனுப்பியது. நம் நாட்டு நூலகவியல் வரலாறு இந்த உடன்பாட்டைத்தான் நம்பி நின்றது என்று எண்ணும்போது ஓர் அச்சமே தோன்றுகிறது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்குப் பகுப்பியல் கற்பித்தவர் குராய்டன் நகர நூலகத் தலைவராக விளங்கிய பெர்விக் சேயர்சு. நூறுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சென்று கண்ட அரங்கநாதன், பெரும்பாலான இடங்களில் அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பே ஆட்சி செய்வதைக் கண்டார். டூயியின் முறை ஒரு பெருமரத்தைப் போன்றது. அடிமரத்தில் பத்துக் கிளை, கிளைக்குப் பத்துக் கொம்பு, கொம்புக்குப் பத்து வளார். உலகில் எழுதப்பட்டனவும் இனி எழுதப்படுவனவும் அம்மரத்தில் ஏதேனும் ஓர் இலையில் சென்று அமர்ந்தாக வேண்டும். முன்னரே எண்ணி வைத்த இடங்களுக்கு வெளியே புதிய பொருள் ஒன்று பிறந்தால் அதற்கு வீடு இல்லை. இரு பொருள்கள் கலந்து மூன்றாவது ஒன்று தோன்றினாலோ குழப்பம் மேலும் மிகும். ஒரு கணித ஆசிரியரின் மனம் இதனை ஏற்க மறுத்தது வியப்பன்று.

தீர்வு பொம்மைக் கடையில் கிடைத்தது. இலண்டன் செல்பிரிட்ஜ் அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை விற்போர் செய்து காட்டிக்கொண்டிருந்தனர். ஒரே பெட்டியிலுள்ள தகடுகளும் ஆணிகளும் திருகுகளும் ஒரு கூட்டில் வண்டியாயின. பிரித்துப் பூட்டினால் பாலமாயின. அறிவுக்கும் இவ்வாறே சில அடிப்படை உறுப்புகளை மட்டும் தந்துவிட்டு, வேண்டும்போது பூட்டிக்கொள்ளச் செய்யலாமே என்ற எண்ணம் அவருக்கு அங்கே உதித்தது. திருகாணியின் இடத்தில் அவர் வைத்தது முக்காற்புள்ளி. இருபொருளை முக்காற்புள்ளியால் இணைக்கும் வழக்கம் பிரசெல்சில் உருவான பகுப்பு முறையில் முன்னரே உண்டு எனினும், பகுப்பு முழுவதையும் இணைப்பின்மேலேயே எழுப்பிய துணிவு இவருடையது. 1925-இல் நாடு திரும்பும் கப்பலிலேயே, அக்கப்பல் நூலகத்தின் நூல்களைக் கொண்டு தம் முறையைச் சோதித்துப் பார்த்தார். கணித ஆசிரியப் பணியைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

அடுத்த இருபதாண்டுகள் சென்னையில் கழிந்தன. வாசகர்கள் தாமே அடுக்கினுள் சென்று நூலெடுக்கும் முறையைக் கொணர்ந்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். அவ்வாண்டிலேயே முதல் மனைவி உருக்குமணியம்மையார் மறைந்தார். நூலகத்தின் ஐந்து விதிகளும் அவ்வாண்டில்தான் உருப்பெற்றன. நூல் பயன்பாட்டுக்கே என்னும் முதல் விதியை எடுத்துக் கொடுத்தவர் தம் ஆசிரியர் ராஸ் என்று அரங்கநாதன் நன்றியோடு பதிவு செய்துள்ளார். 1931-இல் ஐந்து விதிகளும், 1933-இல் கோலன் பகுப்பும், 1937-இல் பகுப்பியல் கோட்பாட்டு நூலும் அச்சேறின. அந்த இருபதாண்டுகளில் அவர் விடுப்பே எடுக்கவில்லை என்று வரலாறு எழுதியோர் குறிப்பர். இதனைப் புகழ்ச்சியாகவே எல்லோரும் சொல்கின்றனர். 1929-இல் கைப்பிடித்த சாரதா அம்மையார் இதனை எவ்வாறு கண்டிருப்பார் என்பது எவர் எழுத்திலும் எனக்குத் தென்படவில்லை.

இனி அவர் கண்ட முறைக்கு வருவோம். எப்பொருளை எடுத்தாலும் அதன் முகங்கள் ஐந்து வகைக்குள் அடங்கும் என்றார் அரங்கநாதன். ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்பன அவை. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் 1990-களில் கரும்புக்கு வந்த செவ்வழுகல் நோயைப் பற்றி ஒரு நூல் உண்டு என்று கொள்வோம். வேளாண்மை என்னும் துறைக்குள் கரும்பு அதன் ஆளுமை, நோயுறுதல் ஆற்றலின்பாற்படும், கள்ளக்குறிச்சி இடம், 1990-கள் காலம். ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியே குறியீடு உண்டு. அவற்றை வரிசையாகக் கோத்தால் நூலின் எண் கிடைக்கும். முதற்பதிப்பில் எல்லாவற்றையும் முக்காற்புள்ளியே இணைத்தது. பின்வந்த பதிப்புகளில் ஆளுமைக்குக் காற்புள்ளியும், பருப்பொருளுக்கு அரைப்புள்ளியும், ஆற்றலுக்கு முக்காற்புள்ளியும், இடத்துக்குப் புள்ளியுமாக நிறுத்தற்குறிகளே பொருள் சுட்டும் குறிகளாயின. நாம் மூச்சுவிட நிறுத்தும் இடங்களில் அவர் அறிவைப் பூட்டும் கணுக்களைக் கண்டார்.

தமிழ் படித்தோர்க்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழாமற் போகாது. பெயர்ச்சொல்லுக்கு நிலைக்களனாக நன்னூலார் கூறும் ஆறனையும் நாம் பள்ளியிலேயே மனனம் செய்தோம். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். இடமும் காலமும் இரு நிரலிலும் அப்படியே நிற்கின்றன. தொழில் அவருடைய ஆற்றலோடு ஒத்துச் செல்கிறது. முழுப்பொருளும் அதன் சினையும் ஆளுமைக்குள் அடுத்தடுத்த படிகளாக அடங்குகின்றன. குணத்தை முதலில் ஆற்றலோடு வைத்திருந்த கோலன் முறை, பிற்காலத்தில் அதனைப் பருப்பொருளின்கீழ்க் கொண்டு சென்றது. அக்குணம் எங்கே சேரும் என்பதில் இறுதிவரை ஒரு தடுமாற்றம் இருந்தது. நன்னூலைப் பார்த்து அரங்கநாதன் இதனைச் செய்தார் என்று நான் கூறவில்லை, கூறுவதற்குச் சான்றில்லை. உலகத்துப் பொருளைச் சொல்லால் பிடிக்க முயன்ற இலக்கணியும் எண்ணால் பிடிக்க முயன்ற கணிதரும் ஏறத்தாழ ஒரே வாயிலில் வந்து நின்றனர் என்பதே என் கருத்து.

எண்ணே பொருளுரைக்கும் உத்தியும் நமக்குப் புதிதன்று. அகநானூற்றைத் தொகுத்தோர் ஒற்றைப்படை எண்களையெல்லாம் பாலைக்கு வைத்தனர்; இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். பாட்டைப் படிக்குமுன்னரே, எண்ணின் கடைசி இலக்கம் திணையைச் சொல்லிவிடுகிறது. ஆயினும் அவ்வெண்ணில் திணை என்னும் ஒரு முகம் மட்டுமே உண்டு. பாடியவரையோ கூற்றையோ அது சொல்லாது. அரங்கநாதன் வேண்டியது எல்லா முகங்களும் ஒருங்கே தெரியும் ஓர் எண்.

அவர் தந்த மற்றொரு வேறுபாடு கவிஞர்களின் கவனத்துக்கு உரியது. கருத்துத் தளம், சொல் தளம், குறியீட்டுத் தளம் என மூன்றை அவர் பிரித்தார். முதலில் கருத்தில் பகுத்து முடிக்க வேண்டும். பிறகே அதற்குச் சொல் தேட வேண்டும். குறியீடு இறுதியில் வந்து கருத்துக்கு ஏவல் செய்ய வேண்டும். குறியீட்டில் இடமில்லை என்பதற்காகக் கருத்தைக் குறைத்தல் அவர் நோக்கில் பெரும்பிழை. கணிப்பொறிக்குத் தரவை வடிவமைப்போர் இன்று முதலில் கருத்துநிலை மாதிரியை வரைகின்றனர். எந்திரத்துள் அது எவ்வாறு சேமிக்கப்படும் என்பதைப் பின்னரே முடிவு செய்கின்றனர். இருவர் வழியும் ஒன்றாக இருத்தலைக் காண்க.

1945-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும், 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் சென்றார். காசியில் ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களைத் தாமே பகுத்தார் என்பர். அவர் பல்லாண்டு வாதாடிய நூலகச் சட்டம் 1948-இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இதுவே முதல் நூலகச் சட்டம். நம்மூரில் நாம் வீட்டு வரியோடு நூலக வரி செலுத்துவதும், கிளை நூலகம் தெருவுக்கு வந்ததும் அதன் பயன்.

வெளிநாடுகளில் அவர் கருத்து வேரூன்றியது பெரும்பாலும் இலண்டனில்தான். 1952-இல் அங்கே தோன்றிய பகுப்பு ஆய்வுக் குழுவினர் அவருடைய முகப் பகுப்பாய்வைக் கைக்கொண்டனர். 1957-இல் டார்க்கிங் நகரில் கூடிய பன்னாட்டு மாநாடும் தகவல் மீட்புக்கு அம்முறையின் பயனை ஏற்றுக்கொண்டது. அரங்கநாதன் 1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். கணிப்பொறி கொண்டு ஆவணம் தேடும் சோதனைகள் அப்பதிற்றாண்டின் பிற்பகுதியிலேயே அங்கு நடைபெற்றன. 1965-இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்னும் சிறப்பைப் பெற்றார். 1972 செப்டம்பர் 27-இல் பெங்களூரில் மறைந்தார். தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்ச உரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து நூலகவியலுக்கென ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவியிருந்தார். அதற்குச் சாரதா அம்மையாரின் பெயரும் சேர்ந்தது.

அவர் முறையின் குறைகளை மறைத்துப் புகழ்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. எண்கள் மிக நீண்டன. நூலின் முதுகில் எழுத இடம் போதவில்லை. பதிப்புக்குப் பதிப்பு அவர் மாற்றிக்கொண்டே இருந்தமையால், பழைய எண்களை அழித்து எழுதும் சுமை நூலகர் தலையில் விழுந்தது. ஆளுமை என்பது யாது என்று கேட்டால், ஏனைய நான்கும் அல்லாதது என்பதே விடையாக வந்தது. ஏழாம் பதிப்பு அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1987-இல் வெளிவந்தது. அதற்குள் இந்திய நூலகங்கள் பல டூயிக்குத் திரும்பத் தொடங்கியிருந்தன.

இந்தத் தோல்விக்குக் காரணம் நூலடுக்கு என்றே எண்ணுகிறேன். ஐந்து முகம் கண்டவரும் நூலை ஓரிடத்தில்தான் வைக்க முடிந்தது. ஒரு நூலுக்கு ஓர் உடம்புதானே! முகங்களை ஒரே கயிற்றில் கோக்க வேண்டிய கட்டாயத்தால் எண் நீண்டது. கணிப்பொறியின் நினைவகத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்மொழிந்தபோது, தரவுகளைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்துக் கேள்வி எழும்போது இணைத்துக்கொள்ளும் வழி பிறந்தது. காட் அரங்கநாதனிடம் கற்றவர் அல்லர். எனினும் மெக்கானோப் பெட்டியைக் கண்டவர்க்கு அது அயலானதாகத் தோன்றாது. இன்று இணையக் கடையில் சேலை தேடும் பெண், பட்டு என்று ஒன்றைத் தொடுகிறாள், அரக்கு நிறம் என்று மற்றொன்றை, காஞ்சிபுரம் என்று இன்னொன்றை, பிறகு விலையை. எதை முதலில் தொட்டாலும் அதே சேலை வந்து நிற்கிறது. முகவழித் தேடல் என்று கணிப்பொறியாளர் இதனை வழங்குவர். முகம் என்னும் அச்சொல் நூலகவியலில் அரங்கநாதன் நிலைநிறுத்தியது. தேடுவோர்க்கு அவர் பெயர் தெரியாது.

மலர்க்குழுவின் வழக்கு ஒருவாறு முடிந்தது. கவிதைகள் ஆண்டு வரிசையில் நிற்கின்றன. பாடியோர், இடம், பொழுது, பாடுபொருள் என நான்கு அடைவுகள் பின்னிணைப்பாக உள்ளன. கோமுகிக் கவிதையின் எண்ணை நான்கிலும் காணலாம். பாடுபொருளடைவில் மட்டும் மழை, உழைப்பு, தாய்மை என மூன்றிடங்களில் அது வருகிறது. சினந்து சென்ற மூத்த கவிஞருக்காகப் பாட்டு முதற்குறிப்பு அகரவரிசையும் கடைசிப் பக்கங்களில் சேர்க்கப்பட்டுள்ளது.