எண்ணியல் வல்லார் சிவசங்கரநாராயண பிள்ளை

இராமாநுஜன் பெயரை அறியாதார் நம் கல்லூரி மாணவருள் இலர். அவருக்குப் பின் எண்களின் இயல்பை ஆராய்ந்து புகழெய்திய மற்றொரு தமிழராகிய சு. சி. பிள்ளை அவர்களை அறிந்தாரோ மிகச் சிலர். தமிழாசிரியனுக்குக் கணிதத்தில் என்ன வேலை என்று எம் கணித ஆசிரிய நண்பர் நகைத்தல் கூடும். பிள்ளையவர்களின் சரிதத்திலே பள்ளியாசிரியர் ஒருவரும் வருகின்றமையின் எழுதத் துணிந்தேன்.

அன்னார் 1901ஆம் ஆண்டு ஏப்பிரில் 5ஆந் திகதி குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரிற் பிறந்தார். ஒரு வயதிலே அன்னையை இழந்தார். செங்கோட்டைப் பள்ளியிற் கற்ற காலத்தில் சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் அவருடைய நுண்ணறிவைக் கண்டுகொண்டார். உயர்தரப் பள்ளியின் இறுதி வகுப்பில் இருக்கையில் தந்தையாரும் இறந்தார். படிப்பு அத்துடன் நின்றிருக்கும். சாஸ்திரியார் தமது சொற்ப வேதனத்திலிருந்து பொருளுதவி அது தொடரச் செய்தார். பின்னர் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் கல்லூரிக் கல்வி. 1927இற் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி. நம் விபுலாநந்த அடிகள் அங்கே தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியதும் இக்காலத்திலேதான்.

சிதம்பரத்தில் இருந்துகொண்டு அவர் எடுத்த வினா பழையது. எந்த முழுவெண்ணையும் நான்கு வர்க்கங்களுக்கு மேற்படாமற் கூட்டிப் பெறலாம் என 1770இல் இலக்ராஞ்சி நிறுவினார். 7 என்பது 4, 1, 1, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. கனமாயின் ஒன்பது போதும், நான்காம் வலுவாயின் பத்தொன்பது போதும் என்று அவ்வாண்டிலேயே ஆங்கிலேயராகிய உவாரிங் நிறுவாமலே கூறிச் சென்றார். ஒவ்வொரு வலுவுக்கும் அத்தகைய ஓர் எல்லை உண்டென்பதை 1909இல் ஹில்பேட் காட்டினார். அவ்வெல்லை எத்தனை என்பதோ எஞ்சி நின்றது. ஏழாம் வலுவுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும், ஒரு நிபந்தனைக்குட்பட்டு, பிள்ளையவர்கள் 1935-36இல் விடை கண்டார். சிக்காகோவிலே டிக்சன் என்பாரும் அதே காலத்தில் தனித்து நின்று அதே விடையைக் கண்டார்.

ஆறாம் வலு எளிதில் வசப்படவில்லை. 2இன் ஆறாம் வலு 64. 3இன் ஆறாம் வலு 729. ஆகவே 703ஐ ஆக்குவதற்கு 64ஐயும் 1ஐயுமே கொள்ளலாம். பத்து 64கள் 640 ஆகும். மிகுதி 63க்கு அறுபத்துமூன்று ஒன்றுகள் வேண்டும். மொத்தம் 73. இவ்வளவை எட்டாம் வகுப்பு மாணவனும் கண்டுகொள்வான். வேறெந்த எண்ணுக்கும் 74 வேண்டுவதில்லை என்று நிறுவுவதன்றோ அருமை! அதனைப் பிள்ளையவர்கள் 1940இல் நிறுவினார்.

முதன்மையெண்களின் வலுக்களை மாத்திரம் கொண்டு கூட்டுவதைப் பற்றியும் அவர் ஆராய்ந்தார். 1 முதன்மையெண் அன்று. ஆகவே 703இற் கைகொடுத்த ஒன்றுகள் இங்கே உதவா. வர்க்கங்களைக் கொண்டு பாருங்கள்: கிடைப்பவை 4, 9, 25, 49 முதலியன. இவற்றைக் கூட்டி 23ஐப் பெற முடியாது. 24 முதலாக எல்லா எண்களையும் 4ஐயும் 9ஐயும் கொண்டே பெறலாம்; மாணவர்கள் 24, 25, 26, 27 ஆகிய நான்கையும் செய்து பார்த்தால் ஏனையவை தாமே விளங்கும். ஆயினும், எத்தனை வர்க்கங்கள் போதும் என்று கேட்டவுடன் வினா கடினமாகிவிடுகின்றது. சீன அறிஞர் ஹுவாவும் 1938இல் இத்துறையிற் பெரும்பணி செய்தார்.

1941இல் திருவிதாங்கூரும், 1942இற் கல்கத்தாவும், 1948இல் மீண்டும் சென்னையும் அவருக்குப் பணியிடங்களாயின. 1950இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையம் அவரை அழைத்தது. ஹாவாட்டில் ஓகத்து 30ஆந் திகதி தொடங்கிய உலகக் கணித மாநாட்டிலும் பங்குபற்ற எண்ணிப் புறப்பட்டார். மறுநாள் 31ஆந் திகதி, கெய்ரோவை விட்டெழுந்த விமானம் பாலைவனத்தில் வீழ்ந்து, அதிற் சென்ற ஐம்பத்தைவரும் மாண்டனர். பிள்ளையவர்களுக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது.

அவர் காலத்தில் விடைபெறாதிருந்த ஐந்தாம் வலுவுக்கு 37 என 1964இற் சென் ஜிங்ருன் நிறுவினார். உவாரிங் கூறிய பத்தொன்பது 1986இலேதான் உறுதியாயிற்று. அதனை நிறுவிய மூவரில் ஒருவர் பாலசுப்பிரமணியன் என்னும் தமிழர்.