கொல்லிமலை பிராண்டு ஐயர்

ராசிபுரத்து வயல்வெளிகளில் நின்று தென்கிழக்கே நோக்குவார்க்கு நீலமதில் போலத் தோன்றுவது கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலையென்றும், அறப்பளீசுவரர் எழுந்தருளிய மலையென்றும் நாம் அதனை அறிவோம். இக்காலத்தில் எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறுகின்றது. நம் சரித்திரத்துக்குரிய ஜெஸி பிராண்டு ஐயர் காலத்திலோ, நடந்தாயினும் டோலியிலாயினும் ஏற வேண்டும். காய்ச்சலுக்கு அஞ்சிய சமவெளியார் பலர் அங்கு ஓரிரவு தங்கவும் துணிந்திலர்.

ஐயர் 1885-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர், கட்டடத் தொழிலறிந்தவர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு பயின்று, 1907-இல் இந்நாட்டுக்கு வந்தார். 1913-இல் சேந்தமங்கலத்தில் ஈவ்லின் ஹாரிஸ் அம்மையாரை மணந்தார். அம்மையார் லண்டன் செல்வக் குடும்பத்தவர், ஓவியம் பயின்றவர். மணவினை முடிந்த அன்றே இருவரும் கொட்டும் மழையில் மலையேறினர் என்பது அவர் சரிதையில் பலரும் விரும்பிக் கூறும் நிகழ்ச்சி. வாழவந்தியில் ஐயர் தம் கையால் அமைத்த மரவீடே அவர்கள் இல்லமாயிற்று.

நற்செய்தி கூற வந்தவருக்கு நெடுங்காலம் ஒருவரும் செவிசாய்க்கவில்லை; மலைப்பூசாரி முன்னின்று தடுத்தார். பின்னர் இன்புளுயன்சா கொள்ளைக் காய்ச்சல் மலையிலும் புகுந்தது. சுற்றத்தார் அஞ்சி விலகிய வேளையில், ஐயரும் அம்மையாரும் அப்பூசாரியின் வீட்டிலேயே பணிவிடை செய்தனர். அவர் இறக்குந் தறுவாயில் தம் மக்களை இவர்களிடம் ஒப்புவித்தார். மலைமேல் சிறு சபை தோன்றியது அதன் பின்னரே.

அச்சபை வழிபாட்டோடு நின்றதன்று. மலைநாட்டாரை அந்நாளில் மிக வருத்திய பிணி நரம்புச் சிலந்தி. இரண்டு மூன்றடி நீளமுள்ள புழு காலில் புண்ணாக்கி வெளிப்படும். அதனை ஒரு குச்சியிற் சுற்றி, நாடோறும் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். இடையில் அறுந்தால் புண் சீழ்பிடிக்கும். புழு முளைத்த காலோடு ஒருவன் படிக்கிணற்றில் இறங்கின், அதன் குஞ்சுகள் நீரிற் கலந்து, கண்ணுக்கு அரிதாய்த் தோன்றும் நீர்ப்பூச்சிகளின் வயிற்றிற் புகும். அந்நீரைப் பருகுவோர்க்கு ஏறக்குறைய ஓராண்டில் அதே நோய் தோன்றும். மருந்தினும் நீரைக் காத்தலே இதற்கு வழியென ஐயர் கண்டார். கிணற்றைச் சுற்றிக் கற்சுவர் எழுப்புக, எவரும் நீருட் கால் வையாதிருக்க, துணியில் வடிகட்டிப் பருகுக என்று ஊர்தோறும் கற்பித்தார். கேட்பதற்கு எளிது, தாத்தன் காலமுதல் இறங்கிய படியில் இறங்காதேயென்றால் யார் கேட்பர்? ஒரு நாள் மறந்தாலும் ஓராண்டு உழைப்பு வீணாகும். மரநடு விழாவென்று மழைநாளிற் கன்று நட்டுப் பங்குனியில் அதனை மறந்துவிடும் நமக்கு, இத்தகைய காவல் அரிதாகவே தோன்றும்.

ஐயர் ஆரஞ்சு மரங்களும் முசுக்கட்டையும் பயிரிடுவித்தார். பட்டுப்புழு வளர்ப்பும் தச்சும் கற்பித்தார். நிலவழக்குகளில் இடருற்ற மலைவாசிகளுக்காக அரசாங்க அலுவலகங்களுக்கு அலைந்தார்.

மண்ணைக் காக்கும் கலையை மலையாளிகளுக்கு ஐயர் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை என்பதையும் கூறல் வேண்டும். பள்ளத்தாக்குகளில் படிபடியாக வரப்பிட்டு நெல் விளைக்கும் முறை அவர்களுக்கு முன்னோர் வைத்த செல்வம். ஐயரின் மகன் பால், சிறுவனாயிருந்தபோது தோழரோடு நெல்வயலில் தவளை பிடித்துக் களித்தார். அப்போது வரப்புகளைக் காக்கும் முதியவர் வந்து ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டினார். இது தலைமுறை தலைமுறையாய்ச் சோறிடும் மண், வரப்பைக் கடந்து ஆற்றிற் சென்றால் மீளாது என்று உணர்த்தினார். வேலூரில் தொழுநோய் மருத்துவராய் உலகப் புகழ் பெற்ற பால் பிராண்டு, முதுமையில் அப்பிடி சேற்றைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஐயரும் தம் மக்களை அழைத்துச் சென்று, கரையான் புற்றின் ஓரத்தை மெல்ல உடைத்து, அச்சிற்றுயிர்கள் அதனைச் செப்பனிடும் திறத்தைக் காட்டுவார்.

கல்வியின் பொருட்டு ஒன்பது வயதில் பால் இங்கிலாந்தில் விடப்பட்டார். தந்தையை அவர் மீண்டும் கண்டிலர். 1929 ஜூன் மாதம் ஐயருக்குக் கருநீர்க் காய்ச்சல் கண்டது. சின்னாளில், நாற்பத்து நான்காம் வயதளவில், காலமானார். தந்திச் செய்தி லண்டனை அடைந்த பின்பும், கப்பலில் வந்த அவர் கடிதங்கள் மகன் கைக்குக் கிடைத்தவண்ணம் இருந்தன. இறுதிக் கடிதத்தில் அவர் எழுதியது நோயைப் பற்றியன்று. காட்டின் மணத்தையும், பழுப்பு மண்ணையும், பாறையிற் படர்ந்த பாசியையும் கூறி, இவ்வுலகைக் கண்டு மகிழ்தலே கடவுளின் விருப்பமென எழுதியிருந்தார்.

அம்மையார் சமவெளியிற் பணியாற்றி, ஓய்வு பெறும் வயதெய்தியபோது, மிஷன் மறுத்தும் தம் பொறுப்பில் மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரையேறியும், பின்னர் இரு மூங்கிற் கோல்களை ஊன்றியும் ஊர் ஊராய்ச் சென்று, கணவர் தொடங்கிய கிணற்றுப் பணியைத் தொடர்ந்தார். அம்மலையில் நரம்புச் சிலந்தி ஏறக்குறைய அற்றது அவர் காலத்திலேதான். 1974 டிசம்பர் 18-ஆம் நாள், தொண்ணூற்றைந்து வயதில் உயிர்நீத்த அவரை, வாழவந்தியில் ஐயரின் கல்லறைக்கு அருகே மலைமக்கள் அடக்கம் செய்தனர். இந்தியா முழுவதும் அந்நோயினின்று விடுபட்டதென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ஆம் ஆண்டில்.