வாசகரின் நேரத்தைக் காத்தவர்: நூலகத் தந்தை அரங்கநாதன்

கல்லூரி நூலகம் என்றதும் இன்று நம் கண்முன் தோன்றுவன கணினித் திரையும், பட்டைக் குறியீடும், மின்னிதழ்களுமே ஆகும். முன்னர் மரப்பெட்டிகளுள் வரிசையாய் நின்ற அட்டைகள் பல நூலகங்களில் விடைபெற்றுவிட்டன. கருவிகள் மாறின. ஆயின், அக்கருவிகள் யாருக்காக என்னும் வினா மாறவில்லை. வாசகனுக்காக என்னும் விடையைக் கொள்கையாக வகுத்தும், அக்கொள்கையின்படி வாழ்ந்தும் காட்டியவர் நம் மண்ணில் தோன்றிய பேரறிஞர் ஒருவர். எஸ். ஆர். ரங்கநாதன் என உலகம் அறிந்த சீர்காழி இராமாமிர்த அரங்கநாதனே அவர். புதிய தொழில்நுட்பம் கல்வி நூலகங்களுள் நுழைந்துள்ள இக்காலத்தில் அவர்தம் வாழ்வை நாம் மீண்டும் நினைவுகூர்தல் தகும்.

தோற்றமும் கல்வியும்

அரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் இராமாமிர்த ஐயர், தாயார் சீதாலட்சுமி. ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. அக்குறையை அவர் முயற்சியால் வென்றார். சீர்காழியில் பள்ளிக் கல்வியை முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து, 1913இல் இளங்கலைப் பட்டமும் 1916இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கு அவருக்கு வாய்த்த கணிதப் பேராசிரியர் எட்வர்டு ராஸ், பிற்காலத்தும் அவர்தம் சிந்தனைக்குத் துணைநின்ற நல்லாசிரியர் ஆவார்.

1917இல் ஆசிரியர் பணியில் அமர்ந்த அரங்கநாதன், மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். வகுப்பறையே அவர் விரும்பிய உலகம். நூலகப் பணியை அவர் அன்று கனவிலும் எண்ணியவர் அல்லர்.

விரும்பாது ஏற்ற பணி

சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக நூலகர் ஒருவரை அமர்த்த முடிவு செய்தது. விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 900 பேர் என்பர். அவருள் நூலகப் பயிற்சி பெற்றவர் எவரும் இலர். ஊதியம் கருதி நண்பர்கள் தூண்டவே அரங்கநாதனும் விண்ணப்பித்தார். நேர்காணலுக்குச் செல்லுமுன் கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டதே நூலகத்துறையில் அவருக்கிருந்த முன்னறிவு. பணி அவருக்கே கிடைத்தது. 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சில நாள்களிலேயே அவருக்கு மனம் ஒன்றவில்லை. மாணவர் முகம் கண்டு பழகியவருக்கு, வருவோர் இல்லாத அறையில் நூல்களுக்கிடையே அமர்ந்திருத்தல் சிறையிருப்பாய்த் தோன்றியது. மாநிலக் கல்லூரி முதல்வரிடம் சென்று தம்மைத் திரும்ப ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டினார். நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று வருமாறும், அதன் பின்னும் மனம் மாறாவிடில் கல்லூரிக்கே திரும்பலாம் என்றும் முதல்வர் அறிவுரை கூறினார். ஆளில்லா நூலகத்தில் தனிமையை உணர்ந்தவரே பின்னாளில் நூலகத்தை ஆள் நிறைந்த இடமாக மாற்றப் பாடுபட்டார் என்பது எண்ணத்தக்கது.

இலண்டனில் கண்டவை

1924இல் இங்கிலாந்து சென்ற அவர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பயின்றார். அங்குக் கற்பித்த பெர்விக் சேயர்சு குராய்டன் நகர நூலகத்தின் தலைவரும் ஆவார். பாடத்தோடு அமையாத அரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் கண்டார். அங்கே குழந்தைகள் வந்தனர், தொழிலாளர் வந்தனர், மகளிர் வந்தனர். நூலகம் என்பது நூல்களைப் பூட்டிவைக்கும் கிடங்கன்று, ஒரு சமுதாயத்தின் கல்விக்கூடம் என்னும் தெளிவு அவர் உள்ளத்தில் பிறந்தது.

அதே வேளையில் ஒரு குறையும் அவர்தம் கணித மூளைக்குப் புலப்பட்டது. அக்காலத்துப் பெருவழக்காய் இருந்த பகுப்பு முறைகள் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னரே ஓர் எண்ணை எழுதி வைத்திருந்தன. மெல்வில் தூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு அவற்றுள் தலையாயது. புதிய பொருள் ஒன்று தோன்றுமாயின் அதற்குரிய இடம் அங்கே இராது. இச்சிக்கலை எண்ணியவாறிருந்த நாளில், இலண்டனில் செல்ஃப்ரிட்ஜ் என்னும் பெருங்கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை அவர் கண்டார். ஒரே தொகுதித் தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு விற்பனையாளர் வெவ்வேறு பொம்மைகளைச் செய்து காட்டினார். பொருள்தோறும் ஆயத்த எண் தருவதை விடுத்து, அதன் கூறுகளைத் தனித்தனியே வைத்துக்கொண்டு வேண்டியபோது இணைத்துக்கொள்ளலாமே என்னும் எண்ணம் அவருக்கு அங்கே உதித்தது.

இவ்வாறு பிறந்ததே கோலன் பகுப்பு முறை. கூறுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளி அமைந்தமையால் இப்பெயர் பெற்றது. 1925இல் தாயகம் திரும்புகையில் கப்பலிலிருந்த நூல்களையே இம்முறைக்கு உரைகல்லாக்கிக்கொண்டார். 1933இல் அது நூலாக வெளிவந்தது. கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் கடலோடு போயிற்று.

ஐந்து விதிகள்

நாடு திரும்பிய அரங்கநாதன் பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்குகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். மாணவர் தாமே உள்ளே சென்று நூலை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாயினர். ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த காலம் உண்டு. நூலைக் காப்பதே நூலகர் கடமை என்ற எண்ணம் சங்கிலி அகன்ற பின்னும் அகலவில்லை. அவ்வெண்ணத்தையே அரங்கநாதன் எதிர்த்தார்.

நூலகப் பணிகள் யாவற்றிற்கும் அடிப்படையாகும் விதிகள் சிலவற்றை வகுக்க முயன்று, 1928இல் தம் ஆசான் ராஸிடம் அவர் தம் தவிப்பைக் கூறினார். முதல் விதிக்குரிய சொல்லை அப்பெருமகனாரே எடுத்துக் கொடுத்தார். ஏனைய நான்கும் அதன் வழியே அமைந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அண்ணாமலை நகரில் நிகழ்ந்த கல்வி மாநாட்டில் அவற்றை எடுத்துரைத்தார். 1931இல் சென்னை நூலகச் சங்கம் அவற்றை நூலாக வெளியிட்டது.

நூல் இருப்பது பயன்படுவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவரவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைதல் வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரின் நேரம் வீணாகாது காத்தல் நான்காவது. நூலகம் உயிர்போல் வளரும் தன்மையது என்பது ஐந்தாவது. கேட்பதற்கு எளியவை இவை. ஆயின், பூட்டிய அலமாரி, கடுமொழி பேசும் பணியாளர், உரிய நேரத்திற்கு முன்னரே மூடப்படும் கதவு ஆகிய யாவும் இவ்விதிகளின்முன் குற்றவாளிக் கூண்டில் நிற்பனவே.

கருவியும் தொண்டும்

இனி நாம் நான்காம் விதியைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். அரங்கநாதன் புதுமைக்கு அஞ்சியவர் அல்லர். திறந்த அடுக்கு, தெளிவான வழிகாட்டிப் பலகை, துல்லியமான அட்டவணை என அவர் கையாண்ட ஒவ்வொன்றும் அக்காலத்தில் நூலகத் தொழில்நுட்பமே ஆகும். வகுப்பெண்ணின் கூறுகளிலிருந்தே பொருள் தலைப்புகளை ஒழுங்காகப் பெறும் சங்கிலி முறையையும் அவர் கண்டார். 1950இல் தொடங்கிய பிரித்தானிய தேசிய நூல்விவரப் பட்டியல் அம்முறையைப் பின்பற்றியது. நூலைக் கட்டிவைத்த சங்கிலியை வெறுத்தவர், வாசகனை நூலிடம் அழைத்துச் செல்லும் சங்கிலியைத் தந்தார் எனலாம்.

எனினும் கருவியோடு அவர் நின்றுவிடவில்லை. அட்டவணை எத்துணைச் சிறந்ததாயினும், வாசகனுக்கும் நூலுக்கும் இடையே ஒரு மனிதர் நிற்றல் வேண்டும் என்பது அவர் துணிபு. அதனையே நோக்கீட்டுத் தொண்டு என்கிறோம். இதற்கெனத் தனி நூலே எழுதினார். உடனே விடை கூறத்தக்க வினாக்களுக்குரிய விரைவுத் தொண்டு, பல நாள் தேடி விடை காணவேண்டிய நெடுந்தொண்டு என அதனை இருவகையாக்கினார். ஆண்டுதோறும் புதிதாய்ச் சேரும் மாணவர்க்கு நூலகத்தைப் பயன்படுத்தும் வகையைக் கற்றுத் தருதலும் நூலகர் கடன் என வலியுறுத்தினார். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவர் நூலக வாயிலில் தயங்கி நிற்பதை அறிந்தவர்க்கே இவ்வறிவுரையின் அருமை விளங்கும்.

கல்லூரி வர முடியாதவரையும் அவர் மறந்தாரல்லர். அவர் முன்னின்று வளர்த்த நூலக இயக்கத்தின் பயனாக, 1931இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகச் சென்றது. அன்று கிடைத்த ஊர்தி அது. வாசகன் வர இயலாவிடில் நூல் அவனைத் தேடிச் செல்லட்டும் என்பதே அதன் உட்பொருள். விடுதியிலிருந்தவாறே மின்னிதழைப் படிக்கும் இன்றைய வசதிக்கும் உட்பொருள் அதுவே.

பிற்காலப் பணிகள்

ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்னையில் தொண்டாற்றிய பின், 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, அங்கு ஒழுங்கின்றிக் கிடந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களை இரண்டே ஆண்டுகளில் தம் உழைப்பால் பகுத்து அட்டவணைப்படுத்தினார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் உயர்கல்விக்கு வித்திட்டார். அவரும் நூலகச் சங்கத்தாரும் நெடுநாள் வலியுறுத்திய பொது நூலகச் சட்டம், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1962இல் பெங்களூரில் ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவி, அறிவியலார்க்கு நுண்பொருள் கட்டுரைகளை விரைந்து தேடித்தரும் கலையை வளர்த்தார்.

1957இல் பத்மஸ்ரீ விருதும், 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்னும் சிறப்பும் அவரை அடைந்தன. பிறர் தந்தவற்றினும் அவர் தந்தது பெரிது. எளிய வாழ்வினரான அவர், தம் சேமிப்பிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வழங்கித் தம் துணைவியார் சாரதாவின் பெயரால் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமையச் செய்தார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார். அவர் பிறந்தநாளாகக் கொள்ளப்படும் ஆகஸ்டு 12ஐ இந்திய நூலகர்கள் தம் நாளாகப் போற்றுகின்றனர்.

நமக்குரிய பாடம்

அவர்தம் பகுப்பு முறை எங்கும் பரவியது என்று கூறுதல் மிகையாகும். கற்பதற்குக் கடினமாகவும், பதிப்புதோறும் மாறுவதாகவும் இருந்தமையால் நம் நாட்டிலேயே பல நூலகங்கள் தூயியின் முறையையே கொண்டன. ஆயினும் அதன் உயிர்க்கருத்து அழியவில்லை. இன்றைய கணினி அட்டவணையில் ஒரு பொருளைத் தேடி, பின் மொழி, ஆண்டு, ஆசிரியர், இடம் எனக் கூறுகூறாய்ச் சுருக்கி வேண்டியதை அடைகின்றோம். பொருளைக் கூறுகளாக்கிப் பின் இணைக்கும் அந்நெறியை நூலக உலகிற்கு முறையாக வகுத்தளித்தவர் சீர்காழியில் பிறந்த அக்கணித ஆசிரியரே.

1991இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய இன்ஃப்ளிப்நெட் திட்டத்தால் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்கள் கணினிமயமாகவும், மின்னிதழ்களும் ஆய்வேடுகளும் தொலைவிலுள்ள மாணவரை எட்டவும் வழி பிறந்துள்ளது. இது பெரும்பேறு. ஆயின், வாங்கிய கணினிகளின் எண்ணிக்கை நூலகத்தின் வளர்ச்சிக்கு அளவாகாது. கடவுச்சொல் அறியாத மாணவனுக்கு ஆயிரம் மின்னிதழ்களும் பூட்டிய அலமாரியே. தேடத் தெரியாதவன் முன் திரை, சங்கிலியால் பிணித்த நூலே. அருகில் அமர்ந்து ஒருமுறை கற்றுத்தரும் நூலகர் அச்சங்கிலியை அறுக்கின்றார்.

ஆதலின், நம் நூலகத்திற்குப் புதிய கருவி ஒன்று வருங்காலெல்லாம் நாம் கேட்கத்தக்க வினாக்கள் சில உள. இதனால் வாசகனின் நேரம் மிஞ்சுமா? இதுவரை நூலைத் தொடாத ஒருவன் இதனால் தொடுவானா? இதனைக் கற்பிக்க ஒருவர் உண்டா? ஆம் என்னும் விடை கிடைக்குமாயின் அக்கருவியை நாம் மகிழ்ந்து வரவேற்போம். விடை கிடைக்காவிடில், கருவியை விடுத்து முதலில் அந்த ஒருவரைத் தேடுவோம். ஆசிரியர் தம் பாடவேளைகளுள் ஒன்றை நூலகத்தில் நடத்தலாம். மூத்த மாணவர் இளையோர்க்குத் தேடும் முறையைக் காட்டலாம். சமுதாயப் பெரியோர் நூல் வாங்கப் பொருள் வழங்குவதோடு நூலகர் பணியிடத்திற்கும் துணைநிற்கலாம். அரங்கநாதனுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவேயாகும்.