வெள்ளவத்தையில் நெருடா

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குச் சற்று வடக்கே, ஹெந்தளையில் நான் குடியிருக்கிறேன். ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் கட்டிய தொழுநோய் மருத்துவமனையால் பெயர் பெற்ற ஊர் இது. மாலை வேளையில் கடற்கரைக்குச் சென்று தெற்கு நோக்கி நின்றால் கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். அவற்றுக்கு அப்பால், கண்ணுக்கு எட்டாத தொலைவில், இதே கடலின் கரையில் வெள்ளவத்தை இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறையேனும் கொட்டாஞ்சேனை வழியாக அங்கே சென்று வருவது என் வழக்கம். உறவினரைக் காண்பதும் புத்தகக் கடைகளில் நேரம் போக்குவதும் நான் வீட்டில் சொல்லும் காரணங்கள். கடற்கரைப் புகையிரதப் பாதையருகே சிறிது நேரம் தனியே நிற்பது நான் சொல்லாத காரணம். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்தக் கரையில் ஓர் அந்நிய இளைஞர் வாழ்ந்தார். பிற்காலத்தில் உலகம் மகாகவி எனக் கொண்டாடிய சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடாவே அவர்.

இன்றைய வெள்ளவத்தையைக் ‘குட்டி யாழ்ப்பாணம்’ என்று நம்மவர் செல்லமாக அழைப்பதுண்டு. அடுக்குமாடிகளும் புடைவைக் கடைகளும் நெருங்கி நிற்கும் அந்த ஊர், 1929ஆம் ஆண்டில் நகரத்தின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த அமைதியான கடலோரக் குடியிருப்பாக இருந்தது. இருபத்துநான்கு வயதுக் கவிஞர் அங்கே வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், வெப்பமே அறியாத ஓர் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

சிலியின் பாரல் என்னும் ஊரில் 1904ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் அவர் பிறந்தார். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அன்னை காலமானார். தந்தையார் புகையிரதத் தொழிலாளர். மழையும் குளிரும் காடும் சூழ்ந்த தெமுக்கோ என்னும் தென்பகுதி ஊரிலே பிள்ளை வளர்ந்தது. பெற்றோர் இட்ட பெயர் ரிக்கார்டோ நெஃப்தலி ரெயெஸ். மகன் கவிதை எழுதுவதைத் தந்தை விரும்பவில்லை. ஆகவே பதினாறாவது வயதில் தமக்குத் தாமே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டார். அந்தப் பெயரே நிலைத்தது. 1924ஆம் ஆண்டில் வெளிவந்த இருபது காதல் கவிதைகள், இருபது வயது நிரம்பு முன்னரே அவரைத் தம் நாட்டில் புகழ் பெறச் செய்தன.

புகழ் வந்தது, பொருள் வரவில்லை. உலகைக் காணும் ஆவலோடு 1927ஆம் ஆண்டில் றங்கூனுக்குச் சிலியின் கௌரவ கொன்சலாகப் புறப்பட்டார். பதவியின் பெயர்தான் பெரிது. கப்பற் பத்திரங்களுக்குக் கிடைக்கும் கட்டணத்திலிருந்தே சம்பளம் வர வேண்டும். சிலிக்குச் செல்லும் கப்பலோ எப்போதாவதுதான் வரும். றங்கூனில் ஒரு பர்மியப் பெண்ணோடு வாழ்ந்தார். ஜோசி பிளிஸ் என்பது அப்பெண் ஆங்கிலேயர் மத்தியில் வழங்கிய பெயர். அவரது பர்மியப் பெயரை நெருடா நமக்கு எழுதி வைக்கவில்லை. அப்பெண்ணின் பொறாமை கொலைவெறியாக முற்றியதாகக் கூறும் கவிஞர், சொல்லாமலே அவரைப் பிரிந்தார். 1928ஆம் ஆண்டின் முடிவில் கல்கத்தாவில் நடந்த இந்தியக் காங்கிரஸ் மகாநாட்டைக் கண்டுவிட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் புதிய பதவிக்குக் கொழும்பு வந்து சேர்ந்தார்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒரு சிறு பங்களா அவருக்கு வாய்த்தது. ஆங்கிலேயரின் கழகங்களும் அவர்களுடைய இராப்போசன உடுப்புகளும் அவருக்குப் பிடிக்கவில்லை. உள்ளூர் மக்களோடு பேச அவரிடம் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. இரண்டுக்கும் இடையில் தனிமையே அவருக்குத் துணையாயிற்று. ஆர்ஜென்டீன நண்பர் எக்டர் எயாண்டிக்கு அக்காலத்தில் எழுதிய கடிதங்களில் அந்தத் தனிமையின் பாரத்தைக் காணலாம். வீட்டுப் பணிக்குப் பிராம்பி என்னும் பையன் இருந்தான். நாயொன்று இருந்தது. கீரிப்பிள்ளை ஒன்றும் இருந்தது. கட்டிலிலும் மேசையிலும் தோளிலும் உரிமையோடு திரிந்த அதற்குக் ‘கீரியா’ என்று பெயர். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தமிழ்க் காதுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கீரியின் கதை சுவையானது. பாம்பைக் கொல்லும் வீரன் என்று அதன் புகழ் அயலெங்கும் பரவியிருந்தது. ஒருநாள் பெரிய பாம்பொன்று தெருவில் தென்படவே, தமிழ்ச் சிறுவரும் சிங்களச் சிறுவரும் திரண்டு வந்து கவிஞரை அழைத்தனர். கீரியைக் கையிலேந்தி அவர் முன்னே நடக்க, ஊர்வலம் பின்னே சென்றது. பாம்பைக் கண்ட கீரி அருகே போயிற்று, முகர்ந்தது, பின்னர் ஒரே பாய்ச்சலில் திரும்பி, வீட்டுக்கு ஓடிப் படுக்கையறையிலே புகுந்து கொண்டது. வெள்ளவத்தைச் சிறுவரிடையே தம்முடைய மதிப்பு அன்றோடு போயிற்று என்று கவிஞர் முதுமையிலும் நினைத்துச் சிரித்தார்.

நண்பரே இல்லையென்று சொல்லிவிட முடியாது. பியானோ வாசிப்பவரும் புகைப்படக் கலைஞருமான லயனல் வென்ற் அவருக்கு வாரந்தோறும் ஒரு சாக்கு நிறைய ஆங்கில நூல்களைச் சைக்கிளில் அனுப்பி வைத்தார். 1944ஆம் ஆண்டில் மறைந்த வென்றின் பெயரில் கொழும்பில் அரங்கமொன்று இருப்பதை வாசகர் அறிவர். ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் திறமையை ஆரம்பத்திலேயே கண்டு பாராட்டியவர்களில் நெருடாவும் ஒருவர். தனிமையும் வெப்பமும் கடலோசையும் கூடி அவருடைய கவிதையை உருமாற்றின. பூமியில் வாசம் செய்தல் பற்றிய அவருடைய புகழ்பெற்ற தொகுதி 1933ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்தது. அதன் இருண்ட கவிதைகள் பல நமது கரையிலே எழுந்தவை.

ஜோசி பிளிஸ் ஒருநாள் றங்கூனிலிருந்து தேடி வந்தார். பர்மாவுக்கு வெளியே அரிசி கிடையாதென்று நம்பி ஒரு சாக்கு அரிசியும், ஒரு கம்பளமும், இருவரும் விரும்பிக் கேட்ட போல் றோப்சனின் இசைத்தட்டுகளும் கொண்டு வந்தார். கவிஞர் அவரை ஏற்கவில்லை. வீட்டுக்கு எதிரே தங்கி வருவோர் போவோரைத் தாக்கிய அப்பெண், இறுதியில் தோல்வியை ஏற்றுக் கப்பலேறினார். பிரியும் வேளையில் கவிஞரின் பாதங்களில் வீழ்ந்து முத்தமிட்டார். வெள்ளைச் சப்பாத்தின் சுண்ணப்பொடி அவர் முகமெங்கும் அப்பிக் கொண்டது. தம் வாழ்வின் ஆறாத காயங்களில் ஒன்றாகக் கவிஞர் அதனைக் குறித்தார்.

இதுவரை சொன்னவற்றை நான் பல கூட்டங்களில் மகிழ்ச்சியோடு பேசியிருக்கிறேன். நம் ஊரில் ஒரு மகாகவி வாழ்ந்தார் என்பதிலே எனக்கும் பெருமை இருந்தது. இனிச் சொல்ல வேண்டியதை அக்கூட்டங்களில் நான் சொன்னதில்லை. நேரம் போதாது என்று எனக்கு நானே சமாதானம் கூறிக் கொண்டேன்.

கவிஞரின் பங்களாவில் மலகூடம் வீட்டுக்குப் புறத்தே இருந்தது. அக்காலத்து வாளி மலகூடம். ஒவ்வொரு காலையும் வாளி சுத்தமாக இருக்கும். யார் சுத்தம் செய்கிறார் என்று கவிஞர் அறியார். ஒருநாள் வைகறையில் விழித்தெழுந்தபோது கண்டார். வந்தவர் ஒரு தமிழ்ப் பெண். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். செந்நிறமும் பொன்னிறமும் கலந்த சேலையுடுத்தி, வளையல் அணிந்து, அருவருப்பான அந்தப் பாத்திரத்தைத் தலையில் ஏந்தி, எவரையும் ஏறெடுத்துப் பாராமல் அவர் நடந்து சென்றார். இலங்கையில் தாம் கண்ட பெண்களுள் பேரழகி அவரே என்று கவிஞர் எழுதினார். கூப்பிட்டார், அப்பெண் திரும்பவில்லை. வழியிலே பட்டும் பழமும் பரிசாக வைத்தார், அப்பெண் தொடவில்லை. இதற்குமேல் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. மறுப்பு எம்மொழியிலும் மறுப்பே. ஆயினும் ஒரு காலையில் அவருடைய மணிக்கட்டைப் பற்றித் தம் படுக்கைக்கு இழுத்துச் சென்றார் கவிஞர். அப்பெண் கண்களை மூடவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. கற்சிலை போலக் கிடந்தார். அவர் தம்மை இகழ்ந்தது நியாயமே என்றும், அச்செயல் மீண்டும் நிகழவில்லை என்றும் கவிஞர் எழுதி, அடுத்த செய்திக்குச் சென்று விட்டார்.

பலாத்காரம் என்பதே இதற்குச் சட்டத்தில் உள்ள பெயர். இன்றைய சட்டத்தில் மட்டுமன்று. 1883ஆம் ஆண்டிலிருந்தே இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையில் அது குற்றம். கொன்சலை எதிர்த்துத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குச் சென்றிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

இதை நாம் அறிவதும் கவிஞர் எழுதியதனாலேயே. வாழ்ந்ததை ஒப்புக் கொள்கிறேன் என்ற பொருள்படும் தலைப்புடைய அவருடைய நினைவுநூல் அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1974இல் வெளியாயிற்று. அவர் ஒளித்திருந்தால் எவருக்கும் தெரிந்திராது என்று அவருக்காக வாதிடுவோர் உண்டு. உண்மைதான். ஆயினும் அந்த நூலில் பையனுக்குப் பெயர் இருக்கிறது. கீரிக்கும் பெயர் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. கேட்டு அறியும் எண்ணம் அவருக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

இலங்கையை விட்டு 1930ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பத்தாவியாவுக்குச் சென்றபின் அவர் வாழ்வு விரிந்தது. ஸ்பானிய உள்நாட்டு யுத்தத்தில் தோற்றுப்போன குடியரசின் அகதிகள் இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்டோரை 1939ஆம் ஆண்டில் ‘வின்னிபெக்’ என்னும் கப்பலில் சிலிக்கு அனுப்பி வைத்தார். 1945ஆம் ஆண்டில் செனட்டரானார். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். மச்சுபிச்சு மலை நகரத்தைப் பற்றிய நெடுங்கவிதையை எழுதியதும் அதே ஆண்டில்தான். அந்நகரைக் கட்டிப் பெயரழிந்துபோன தொழிலாளருக்குத் தாமே பெயர் சூட்டி அழைத்து, தம் வாயால் பேசுமாறு அக்கவிதையில் அவர்களை வேண்டினார். அதனை வாசித்துக் கண்ணீர் விட்டவன் நான். வெள்ளவத்தையின் பின்வாசலில் நின்ற பெண்ணை அவ்வரிகளுக்கிடையே நான் தேடாமலில்லை. அவர் அங்கே இல்லை.

அணுவாயுதத்துக்கு எதிரான சமாதான மகாநாடொன்றுக்காக 1957ஆம் ஆண்டில் நெருடா மீண்டும் கொழும்பு வந்தார். வெள்ளவத்தைக்குச் சென்று, மரங்கள் வளர்ந்து முகம் மாறிய தெருவில் சிரமப்பட்டுத் தம் பழைய பங்களாவைக் கண்டுபிடித்தார். அது இடிபடவிருந்தது. அதே 1957ஆம் ஆண்டில்தான் தீண்டாமைக் கொடுமைகளைத் தடுக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறிற்று. நகர சுத்திக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களில் பலர், அதற்கு முன்னரே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். அப்பெண் உயிரோடிருந்தாரா, எங்கிருந்தார் என்று கேட்க அப்போதும் எவருமில்லை.

1971ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற நெருடா, சிலியில் இராணுவம் ஆட்சியைப் பறித்துப் பன்னிரண்டு நாள்கள் கழித்து, 1973ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் மறைந்தார். சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை 2018ஆம் ஆண்டில் எழுந்தபோது சிலி நாட்டுப் பெண்கள் எதிர்த்தனர். வெள்ளவத்தையில் ஒரு வைகறையில் நடந்ததை அவர்கள் மறக்கவில்லை. நம் நாட்டில் அசோக ஹந்தகம 2021ஆம் ஆண்டில் அதனைத் திரைப்படமாக்கினார். தமிழில் எழுதும் நாம் இவ்விஷயத்தில் பிந்தியே நிற்கிறோம்.

பிந்தியதன் காரணத்தை என் வீட்டிலேயே கண்டேன். 1960களில் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவின் வீட்டில் நான் சிறுவனாக வளர்ந்தபோது, பின் ஒழுங்கைப் படலையால் ஒரு பெண் நாள்தோறும் வாளி எடுக்க வருவார். அவர் வரும் நேரத்தில் எங்களை உள்ளே அழைத்து விடுவார்கள். தேநீரை அவருக்கெனத் தனியே வைத்த சிரட்டையில் ஊற்றுவார்கள். நெருடாவைப் பற்றி இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது, அந்த வீட்டில் வாழ்ந்தவர்களில் இன்று எஞ்சியிருக்கும் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்து அப்பெண்ணின் பெயரைக் கேட்டேன். பெரியம்மா நெடுநேரம் யோசித்தார். எங்கள் பசுவின் பெயர் அவருக்கு நினைவிருந்தது. அதன் கன்றின் பெயரும் நினைவிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருந்ததோ என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கவிஞரின் குற்றம் வேறு. எங்கள் குற்றம் வேறு. அவர் செய்ததை எங்கள் சிரட்டையால் அளந்து சிறிதாக்க நான் முயலவில்லை. ஆனால் அந்தப் பெண்ணைப் பெயரற்றவராக்கிக் கவிஞரின் பின்வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தியவர்கள் சிலி நாட்டவரல்லர், நாமே.

இதனை எழுதும்போது பழக்கத்தால் ‘அவள்’ என்றே என் பேனா பல இடங்களில் எழுதிற்று. ஒவ்வொன்றையும் அடித்து ‘அவர்’ என்று திருத்தினேன். பெயர் தெரியாதவருக்கு ஒரு பெயரைக் கற்பித்துச் சூட்ட எனக்கு உரிமையில்லை. தமிழில் கொடுக்கக் கூடிய மரியாதை இது ஒன்றேனும் இருக்கிறது. நெருடாவின் கவிதைகளை நான் இனியும் வாசிப்பேன். அடுத்த கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேச அழைத்தால், கீரியின் கதைக்கு நேரம் போதாமற் போகலாம். இந்தக் கதைக்கு நேரம் இருக்கும்.